தொட்டியின் விரதம்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக அரைமனதோடுதான் நம்பி வருகிறேன். சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. நடந்த இடத்தையும் போய்ப் பார்த்திருக்கிறேன். இருந்தும் கேட்டு முடிக்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று ஒட்டாமல் நிற்கும். எது என்று சொல்லத் தெரியாது. குறை கதையில் இருக்கிறதா, எதையும் முழுசாக ஏற்றுக்கொள்ளாத என் புத்தியில் இருக்கிறதா என்றும் யோசித்திருக்கிறேன்.

சொன்னவர் திருவேங்கடம். விசைத்தறி ஓட்டி நொடித்துப்போய், ஐம்பது வயதுக்கு மேல் நாமக்கல் பக்கம் ஒரு கோழி இறைச்சி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். கோழிகளை அறுத்துக் கழுவிய தண்ணீர் அங்கே ஒரு பெரிய தொட்டிக்கு வரும். ரத்தமும் கொழுப்பும் கலந்த தண்ணீர். அந்தத் தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அடியிலிருந்து புளோயர் காற்று ஊதிக்கொண்டே இருக்க, அவை அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும். தெளிந்த தண்ணீர் பக்கத்துத் தென்னந்தோப்புக்குப் போகும்.

தொட்டிக்குப் பொறுப்பு தமயந்தி. நுண்ணுயிரியல் படித்தவர். திருவேங்கடத்தைவிட வயதில் மிகவும் இளையவர். நுரையின் நிறத்தையும் தண்ணீரின் வாடையையும் வைத்துத் தொட்டியின் நலம் அறிய அவர்தான் திருவேங்கடத்துக்குக் கற்றுக்கொடுத்தார். “அம்மிணின்னுதான் கூப்பிடுவேன். ஆனா எனக்கு அவங்கதான் குரு” என்பார் திருவேங்கடம்.

அது புரட்டாசி மாதம். ஊரில் பாதிப் பேர் கறி தொடமாட்டார்கள். ஆலையில் சில ஓட்டல்களுக்காக மட்டும் கொஞ்சம் அறுப்பு நடந்தது. ஒரு வாரம் விடுப்பில் போயிருந்த தமயந்தி சனிக்கிழமை காலை திரும்பி வந்தார். தலைக்குக் குளித்துத் துளசி வைத்திருந்தார். திருவேங்கடம் நெற்றியில் நாமத்தோடு ஆலை வாசலிலேயே காத்திருந்தார்.

“என்னங்கண்ணா, மொகம் வாடிக் கெடக்குது?”

“ஒண்ணு கேக்கோணும் அம்மிணி.”

“கேளுங்க.”

திருவேங்கடத்தின் மனைவி தவமணிக்கு நுரையீரலில் காசம். மாத்திரை மட்டும் போதாது, தினமும் முட்டை கொடுங்கள், கறிச்சாறு கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் திருவேங்கடம் அதற்கு முன்பே மலைக்கோயில் பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தார். அவள் பிழைத்தால் போதும், புரட்டாசி முழுவதும் வீட்டுக்குள் கவிச்சி நுழையாது என்று.

“நேத்து எடை பாத்தாங்க அம்மிணி. இன்னும் எறங்கிருச்சு. வளையல் முழங்கை வரைக்கும் போகுது. முட்டை குடுத்தா வேண்டுதல் முறிஞ்சிரும். குடுக்கலைன்னா அவ முறிஞ்சிருவா. நான் என்ன பண்றது?”

தமயந்தி தொட்டிப் பக்கம் திரும்பினார்.

“வாங்க, தொட்டியப் பாக்கலாம்” என்று நடந்தார்.

கண்ணாடிக் குடுவையில் தொட்டித் தண்ணீரை மொண்டு சுவர்மேல் வைத்தார். நல்ல நாளில் பழுப்புக் கசடு கீழே போய்ப் படியும். மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அன்று தெளியவில்லை. தவிடு தூவியதுபோலத் தூள் தூளாக மிதந்தது.

“என்ன பண்ணுனீங்க?”

“ஒண்ணும் பண்ணலீங்களே.”

“அண்ணா.”

“அறுப்புத் தண்ணி உள்ள வர்ற வால்வை அடைச்சு வெச்சேன்.”

“எப்ப?”

“நீங்க ஊருக்குப் போன அன்னிக்கே.” கொஞ்சம் தயங்கிவிட்டு, கொஞ்சம் பெருமையாகவும் சொன்னார். “வருசம் பூரா ரத்தம் தின்னுதுங்க. புரட்டாசியிலயாவது அதுகளும் சுத்தமா இருக்கட்டும்னுதான்.”

தமயந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“தொட்டிக்கு விரதமா!”

“சிரிக்காதீங்க அம்மிணி. அறுப்புத் தண்ணி பூரா முன்னாடி இருக்கற தொட்டியிலயே நிக்குது. வெளிய ஒரு சொட்டு விடல.”

“அப்படியே ஒரு நாமமும் போட்டு விட்டிருக்கலாம்.”

“போடலாம். நெத்தி எங்க இருக்குன்னு தெரியோணுமல்ல?”

இருவரும் சிரித்தார்கள். தமயந்தி முதலில் நிறுத்தினார்.

“ஒரு வாரமா என்னத்தத் தின்னுச்சுக?”

“ஒண்ணுமில்ல.”

“தின்னுச்சுண்ணா. தன் ஒடம்பையே தின்னுச்சு. அதுவும் தீந்தப்புறம் செத்து, இப்படித் தூளா மெதக்குது. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே விட்டா ஒண்ணும் மிஞ்சாது. தீபாவளி அறுப்பு வர்றப்போ தின்ன ஆளிருக்காது. ரத்தம் அப்படியே தோப்புக்குப் போகும்.”

திருவேங்கடம் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வால்வைத் தெறங்க.”

“இன்னிக்குச் சனிக்கெழமை அம்மிணி. அந்தத் தண்ணி மேல படும்.”

“நானும் விரதந்தான். தள்ளுங்க.”

தமயந்தியே குனிந்து திருகினார். துருப்பிடித்த மூட்டில் கசிந்து, சிவந்த தண்ணீர் அவர் முழங்கைவரை வழிந்தது. நாறியது. பாதி திறந்ததும் நிறுத்தினார்.

“இதுக்கு மேல வேண்டாம். பட்டினி கெடந்த வயிறு. மெதுவாத்தான் போகோணும்.”

“உங்க விரதம் போச்சே அம்மிணி.”

“நான் எங்க தின்னேன்?”

குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தண்ணீர் தொட்டிக்குள் விழும் சத்தம் கேட்டது. தமயந்தி சுவரில் சாய்ந்து நின்று கேட்டார்.

“இதுக எந்தக் கோயில்லண்ணா வேண்டிக்கிச்சுக?”

திருவேங்கடம் குடுவைத் தண்ணீரை மறுபடி தொட்டியில் ஊற்றிவிட்டு, “நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலீங்க” என்றார்.

“நீங்க எத்தன நாள் வேணும்னாலும் பட்டினி கெடங்க. அது உங்க வயிறு. அடுத்தவங்க வயித்த எடுத்து உண்டியல்ல போடாதீங்க.”

திருவேங்கடம் கதையை எப்போதும் இங்கேதான் முடிப்பார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். அந்தப் பதிலில் எனக்குக் குறை தெரிந்ததில்லை. அதைப் பல இடங்களில் எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் என் குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தவமணி அக்கா நன்றாகத் தேறி, எங்கள் எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். திருவேங்கடம் மறுபடியும் கதையைச் சொன்னார். கடைசியில் உண்டியல் பேச்சு வந்தது. நான் தலையாட்டினேன். அக்கா நிமிரவில்லை. இந்தக் கதைக்கு அவர் ஒருமுறைகூடத் தலையாட்டி நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்னண்ணா பண்ணுனீங்க?” என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

“என்ன பண்ணுவாங்க? வர்ற வழியிலயே முட்டை வாங்குனேன். நானே வேக வெச்சேன். இவ வேண்டாம்னு மொகத்தத் திருப்பிக்கிட்டா. உங்களுக்காக நானும் வேண்டிக்கிட்டிருக்கேன்னு அழுதா. நான் விடுவனா? வாயத் தெறக்க வெச்சு ஊட்டுனேன். மாசம் முச்சூடும் அப்படித்தான். பாருங்க, பொழச்சுக்கிட்டா.”

பிழைத்துக்கொண்டார். அது உண்மை. அந்த முட்டைகள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதனால் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினேன். பூண்டுத்தோல் காற்றில் நகர்ந்து என் காலருகே வந்தது.

பிறகு கேட்டேன்.

“அண்ணா, அந்தப் புரட்டாசியில அக்கா உங்களுக்காக என்ன வேண்டியிருந்தாங்கன்னு என்னிக்காவது கேட்டீங்களா?”