கொறியன் தோண்டிய இரண்டாவது வாய்

கரட்டுக் காட்டின் நடுவே ஏழு பாறைகள் வட்டமாக, தோளோடு தோள் ஒட்டி நின்றன. அந்த வட்டத்துக்குள்ளே புல்லும் நிழலும் நிறைந்த ஒரு பள்ளம் இருந்தது. காட்டிலுள்ள சின்னப் பிராணிகளின் தாய்மார்கள் குட்டி போடும் காலத்தில் அங்கேதான் போய்த் தங்குவார்கள். நரி அங்கே நுழைய முடியாது. பாம்பு நுழைய முடியாது. குட்டிகளின் அப்பாக்களும் நுழைய முடியாது! குட்டிகள் கண் திறக்கும் வரைக்கும் எந்த ஆண்பிள்ளையும் பள்ளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு.

உள்ளே போக ஒரே ஓர் இடுக்குத்தான். அந்த இடுக்கில் முள்ளம்பன்றி ஒருத்தி வளை வைத்துக் குடியிருந்தாள். எல்லோரும் அவளை முள்ளக்கா என்று கூப்பிட்டார்கள். முள்ளக்கா எப்போதும் வாசலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பாள். மரியாதை தெரியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுடைய முள்ளெல்லாம் முதுகில்தானே இருக்கிறது!

மனைவி உள்ளே போகிற அன்றைக்கே புருஷன்காரன் தன் மேலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி முள்ளக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் அதை இலையில் மடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்வாள். பிறகு அவன் எப்போது வந்தாலும் புதிதாக ஒரு முடி கேட்பாள். பழசையும் புதுசையும் மாறி மாறி மோந்து பார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் அவள் வளைக்குள் வந்து உட்காரலாம், கொண்டுவந்ததைக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

கொறியன் என்று ஒரு வயல் எலி இருந்தான். அவன் மனைவி செவந்தி முதல் பிரசவத்துக்கு உள்ளே போயிருந்தாள். ஒரே ஈற்றில் ஏழு குட்டிகள்! கொறியனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வேர்க்கடலை கிடைத்தால் உடனே அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவான். அரை மணி நேரம் கழித்து ஒரு தினைக்கதிர் கிடைக்கும். மறுபடியும் ஓடுவான். போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு முடி போயிற்று.

ஐந்தாம் நாள் முள்ளக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் இடது தோளில் ஒரு முடிகூட இல்லை.

"ஏன் தம்பி, இப்படியே போனா உன் குட்டிங்க கண்ணைத் திறக்கிறப்ப அப்பன் மொட்டையா நிப்பே!"

"என்ன செய்யறது அக்கா? அவ அங்கே என்ன சாப்பிடறாளோ, குட்டிங்க எப்படி இருக்கோன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது!" என்றான் கொறியன்.

முள்ளக்காவுக்கு வெளியில்தான் முள். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"உனக்குத் தோண்டத் தெரியுமில்லே? வயல் வரப்பு மேட்டுல இருக்கிற உன் வீட்டுல இருந்து என் வளை வரைக்கும் ஒரு சுரங்கம் தோண்டு. என் வளையில இருந்து செவந்தி கூடு வரைக்கும் நான் ஒண்ணு தோண்டறேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூங்கில் குழாயைச் சொருகிடுவோம். நீ மேட்டுல இருந்து உருட்டிவிட்டா அது நேரா அவ மடியில போய் விழும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவும் செய்யலாம்."

"அக்கா! நீங்க நல்லா இருக்கணும்!"

"இரு, இரு. இலையில மடிச்சுக் கட்டி அனுப்பு. நான் பிரிச்சுப் பார்க்க மாட்டேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்கோ. சுரங்கத்தோட வாய் உன் வீட்டுக்குள்ள, உன் படுக்கைக்குக் கீழேதான் இருக்கணும். வாசல்ல வர்றவங்ககிட்ட முடி வாங்கி மோந்து பார்க்கறேன். உன் குழாய்ல வர்றதை மோந்து பார்க்க மாட்டேன். ஏன்னா அந்தப் பக்கம் நீ இருக்கே. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அக்கா!" என்றான் கொறியன். சந்தோஷத்தில் இருப்பவன் எதைக் கேட்டாலும் புரிந்தது என்றுதானே சொல்வான்!

இரண்டே நாளில் சுரங்கம் தயாராகிவிட்டது. கொறியன் படுக்கையை நகர்த்திவிட்டு, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு பொட்டலத்தை உருட்டிவிட்டான். கடகடவென்று சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. கொஞ்ச நேரத்தில் குழாய் வழியாக ஒரு குரல் வந்தது.

"ஏங்க! கடலையை ஏன் தோலோட அனுப்பறீங்க? உரிச்சு அனுப்பக் கூடாதா?"

கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு இனிமையான ஏச்சை அவன் கேட்டதில்லை. அவன் கண் கலங்கிவிட்டது.

"செவந்தி! குட்டிங்க எப்படி இருக்கு?"

"ஆறு சமர்த்து. கடைக்குட்டி மட்டும் உங்களை மாதிரி. ராத்திரி பகல் தெரியாம கத்தறான். இன்னும் ஒரு வாரத்துல கண்ணைத் திறந்திடுவாங்க. அன்னைக்கு எல்லாரையும் குழாய் வாய்க்குத் தூக்கிட்டு வர்றேன். நீங்க பேசுங்க, கேக்கட்டும்."

கொறியன் அந்த நாளை எண்ணிக்கொண்டே சந்தோஷமாக இருந்தான். சந்தோஷத்தை அடக்கி வைக்கத்தான் அவனுக்குத் தெரியவில்லை. துள்ளான் என்ற முயலிடமும் வரியன் என்ற அணிலிடமும் சொல்லிவிட்டான். அவர்கள் மனைவிமாரும் உள்ளேதான் இருந்தார்கள்.

"கொறியண்ணே, என் பொட்டலத்தையும் உன்னோடதோட சேர்த்து உருட்டிவிடேன்! செவந்தி மதினி கொடுத்துடுவாங்க!" என்றான் துள்ளான்.

"நீயும் முள்ளக்காகிட்ட கேட்டு ஒண்ணு தோண்டிக்கலாமே?"

"ஐயோ, யாருண்ணே அவ்வளவு தூரம் தோண்டறது!"

வரியனோ, "எனக்கு மரம் ஏறத்தான் தெரியும்!" என்று கையை விரித்துவிட்டான்.

கொறியனுக்கு 'இல்லை' என்ற வார்த்தை நாக்கில் வராது. சரி என்றான். இரண்டு பேர் நாலு பேரானார்கள். நாலு பேர் பத்துப் பேரானார்கள். விடிந்தால் அவன் படுக்கையைச் சுற்றி ஒரே கூட்டம். ஒருத்தன் அவன் தலையணையையே மிதித்துக்கொண்டு நின்றான். கடைசியில் கொறியன் ஒரு காரியம் செய்தான். எல்லோரும் கூடும் நாவல் மரத்தடியில் இன்னொரு வாய் தோண்டி, அதைத் தன் சுரங்கத்தோடு சேர்த்துவிட்டான்.

"யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் போடலாம்!" என்று அறிவித்தான். எல்லோரும் "கொறியண்ணன் வாழ்க!" என்று கூவினார்கள். அவன் வால் ஒரு முழம் நீண்டாற்போல் இருந்தது. முள்ளக்காவிடம் மட்டும் அவன் இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று இல்லை, சொல்லத் தோன்றவில்லை.

செவந்திதான் குழாயில் கத்தினாள். "ஏங்க! அறுகம்புல் வருது, கொய்யாக்காய் வருது! இது வீடா, சந்தையா? ஒவ்வொருத்தி வீடா போய்க் கொடுத்துக் கொடுத்து என் கால் ஓஞ்சு போச்சு!"

"கொஞ்சம் பொறுத்துக்கோ செவந்தி. பாவம், நம்மைப் போலத்தானே அவங்களும்!"

செவந்தி பெருமூச்சு விட்டாள். அவளுக்கும் அவன் குணம் பிடிக்கத்தான் செய்தது.

அந்தக் காட்டில் நீளன் என்று ஒரு சாரைப்பாம்பு இருந்தது. ஒரு நாள் உச்சி வெயிலில் எல்லோரும் தூங்கும் நேரம். நீளன் நாவல் மரத்தடி வழியாகப் போனது. நாக்கை நீட்டிப் பார்த்தது. தரையிலிருந்து பால் வாசனை வந்தது!

"அடடே! ஏழு பாறைக்கு உள்ளே இருக்கிற வாசனை இங்கே வருதே! எனக்காகவே கதவைத் திறந்து வச்சிருக்காங்களே, என்ன மனசு!" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்தது.

அப்போது பார்த்துக் கொறியன் ஒரு பொட்டலத்தோடு வந்தான். சுரங்க வாயில் ஒரு வால் நெளிந்து நெளிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது. பாய்ந்து வாலைக் கடித்தான். வால் ஒரு வீசு வீசியதில் மரத்தில் மோதி விழுந்தான். எழுந்து வந்து குழிக்குள் கத்தினான்.

"செவந்தி! குழாயை அடை! அடை!"

சத்தம் போகவில்லை. பாம்பின் உடம்பே சுரங்கத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கொறியன் வாசலை நோக்கி ஓடினான். வாழ்நாளில் அவன் அப்படி ஓடியதில்லை.

"முள்ளக்கா! முள்ளக்கா!"

"முடி," என்றாள் முள்ளக்கா, திரும்பாமலேயே.

"அக்கா, நேரமில்லே அக்கா! பாம்பு!"

"பாம்புன்னு சொல்லிக்கிட்டு பாம்பே கூட வரலாம். முடி."

கொறியன் அழுதுகொண்டே ஒரு முடியைப் பிடுங்கிக் கொடுத்தான். முள்ளக்கா இலையைப் பிரித்தாள். பழசை மோந்தாள். புதுசை மோந்தாள். அவனுக்கு ஒரு யுகமே போனது போலிருந்தது.

"சரி, வா. எங்கே பாம்பு?"

"என் சுரங்கத்துல!"

"உன் படுக்கைக்குக் கீழே பாம்பு எப்படி வந்துச்சு?"

கொறியன் தலை குனிந்தான். "படுக்கைக்குக் கீழே இல்லை அக்கா. நாவல் மரத்தடியில இன்னொரு வாய் வச்சேன். எல்லாருக்கும்."

முள்ளக்கா மூங்கில் குழாயை ஒரே உதையில் தள்ளினாள். சுரங்கத்துக்குள்ளிருந்து யாரோ போட்ட கொய்யாக்காய் ஒன்று வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே நீளனின் மூக்கு தெரிந்தது. முள்ளக்கா சட்டென்று திரும்பி, அத்தனை முட்களையும் சிலிர்த்துக்கொண்டு முதுகால் சுரங்கத்தை அடைத்தாள்.

"ஆ! ஐயோ என் மூக்கு!"

முன்னால் போனால் முள். திரும்பலாமென்றால் இடமில்லை. நீளன் பின்பக்கமாகவே, விரல்கடை விரல்கடையாக நகர்ந்து, பொழுது சாயும் நேரத்தில் நாவல் மரத்தடியில் வெளியே வந்தது. அதன் மூக்கில் மூன்று முட்கள் குத்தியிருந்தன. வரியன் மரத்தின் மேலிருந்து கொட்டையால் அடித்தான். நீளன் அன்று போனதுதான், அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முள்ளக்கா களிமண்ணைக் குழைத்து, கொறியனின் சுரங்கத்தையும் செவந்தி கூட்டுக்குப் போகும் சுரங்கத்தையும் கெட்டியாகப் பூசி அடைத்தாள். பிறகு இலையிலிருந்த அவன் முடியை எடுத்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா! என்னைக் கெட்டவன்னு நினைச்சுட்டீங்களா?"

"கெட்டவன்னு யார் சொன்னா? உன் முடிக்குப் பின்னாடி யாரெல்லாம் வருவாங்கன்னுதான் இனிமே எனக்குத் தெரியாது, தம்பி." சொல்லிவிட்டு அவள் மறுபடி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு கொறியன் அவள் வளைக்குள்ளும் நுழைய முடியாமல் வெளியிலேயே காத்துக் கிடந்தான். துள்ளானும் வரியனும் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து, நாவல் மரத்தடி வாயைத் தாங்களே மண் போட்டு மூடினார்கள். கொறியன் வைக்கும் பொட்டலத்தை முள்ளக்கா பிரித்து, ஒவ்வொரு தினையாக மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனாள். காலையில் வைத்தது செவந்திக்கு மாலையில் கிடைத்தது. குரல் மட்டும் வரவும் இல்லை, போகவும் இல்லை. உள்ளே குட்டிகள் கண் திறந்த நாள் எதுவென்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

சுரங்கத்தை அடைத்த நான்காம் நாள் காலையில் செவந்தி இடுக்கைத் தாண்டி வெளியே வந்தாள். பின்னால் ஏழு குட்டிகள் வரிசையாக வந்தன. பதினான்கு கண்களும் பளபளவென்று திறந்திருந்தன. கொறியனைக் கண்டதும் கடைக்குட்டி பயந்துபோய் அம்மாவின் வாலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"இது உங்க அப்பாடா!" என்றாள் செவந்தி. பிறகு கொறியனிடம் சொன்னாள்: "கண்ணைத் திறந்ததும் உங்க குரலைத்தான் தேடினாங்க. எல்லாக் குட்டியும் அடைச்ச மண்ணுல காதை வச்சு வச்சுப் பார்த்துச்சு."

கொறியன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செவந்தி அருகில் வந்து, முடி இல்லாத அவன் தோளை மெல்ல நக்கிக் கொடுத்தாள். "உங்களுக்கு நல்ல மனசுதாங்க. இல்லேன்னு நான் சொல்லலை. அந்த நல்ல மனசுக்கு ஒரு மூடி போட்டு வச்சிருக்கக் கூடாதா?"

நம்மை நம்பி நமக்கென்று ஒருவர் திறந்துவிட்ட வழியை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டால், நம்பியவரின் வீட்டையே திறந்துவிட்டவர்கள் ஆகிவிடுவோம்.