பல்லக்கில் ஒரு கிண்ணம் பால்

திவான் அம்பலவாணருக்கு ஒரு கிறுக்கு. பல்லக்கைக் குலுங்காமல் தூக்குவது எப்படி என்று, தூக்குகிறவர்களையே உட்கார வைத்து நாள் தவறாமல் பாடம் நடத்துவார்.

ஒருநாள் கிண்ணம் நிறையப் பாலோடு வந்தார். "இதோடு பல்லக்கில் ஏறுகிறேன். மலைக்கோயில் போவதற்குள் ஒரு சொட்டுச் சிந்தினாலும் உங்கள் பிழைப்பு போச்சு!"

முன்கொம்பு தூக்கும் சடையாண்டி கும்பிட்டான். "எங்களுக்கு மரமண்டை சாமி. கேட்டா ஏறாது, பார்த்தாத்தான் ஏறும். ஒருதரம் நீங்களே தோள் கொடுத்துக் காட்டுங்க. கிண்ணத்தோட நான் உள்ளே உட்கார்ந்துக்கிறேன்."

திவான் வீராப்பாகத் தோள் கொடுத்தார். நாலடி போவதற்குள் கால் பின்னியது, பல்லக்கு ஊஞ்சலாடியது.

"பால் சிந்துச்சாடா?" அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஒரு சொட்டுக்கூட இல்ல சாமி. நீங்க கொம்பைத் தொட்ட அழகைப் பார்த்ததுமே குடிச்சிட்டேன்."

திவான் தோளைத் தேய்த்துக்கொண்டே மலையை அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கு நடந்தே ஏறினார்.