கத்தி படாத ஆடு

தவமணி அம்மையின் குடில் மேற்கு மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கும் மேலே இருந்தது. அம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த நாச்சிமுத்துவுக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். இளகிய மனசுக்காரர்.

ஒருமுறை குடிலுக்குக் கம்பளி வாங்க அவர் அடிவாரத்து ஆட்டுப் பண்ணைக்குப் போனார். அங்கே மயிர் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் எல்லோர் கையிலும் அவசரம். ஆடுகளைக் காலைக் கட்டிப் புரட்டினார்கள். சில இடங்களில் மயிரோடு தோலும் வந்தது. இரத்தம் கசிந்த இடத்தில் மருந்தை அப்பிவிட்டு அடுத்ததை இழுத்தார்கள்.

நாச்சிமுத்து கம்பளி வாங்கவில்லை. விலாவில் கிழிபட்ட ஒரு பெட்டையாட்டைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, தோளில் போட்டுக்கொண்டு மலையேறினார்.

“இனி இதன்மேல் கத்தி படாது. வாக்குக் கொடுத்துவிட்டேன்” என்றார் அம்மையிடம்.

புண் ஆறியது. ஆடு அவர் பின்னாலேயே சுற்றியது. கம்பளிக்கென்றே பெருக்கிய இனம் அது. மயிர் தானாக உதிராது. அடுத்த கோடையில் அது நடக்கும் மூட்டைபோல ஆகிவிட்டது. கொஞ்சம் கத்தரித்துவிடலாமே என்று அம்மை ஒரு தடவை கேட்டார். வாக்கை மீறமாட்டேன் என்று சொல்லிவிட்டார் நாச்சிமுத்து. அதன் பிறகு ஆட்டின் கண்ணில் விழும் மயிரை மட்டும் அவர் கையால் ஒதுக்கிவிடுவார்.

பெருமழை பெய்த மறுநாள் காலை ஆட்டைக் காணோம். தேடிப் போனவர், ஓடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் அது மல்லாந்து கிடப்பதைப் பார்த்தார். நனைந்த மயிர் கல்லாய்க் கனத்தது. புரட்டினால் மறுபடி சாய்ந்தது. பின்பக்கத்து மயிருக்குள் புழு வைத்திருந்தது. வயிறு உப்பி, மூச்சு விட்டு விட்டு வந்தது.

அவர் குரல் கேட்டு அம்மை கத்தரியோடு இறங்கி வந்தார்.

“வேண்டாம் அம்மா. வாக்கு...”

“யாருக்குக் கொடுத்தீர்கள்?”

“இதற்குத்தான்.”

“இது கேட்டதா?”

நாச்சிமுத்து ஆட்டைப் பார்த்தார். பிறகு அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மை இடது கையை மயிருக்குள் நுழைத்துத் தோலோடு ஒட்டி விரித்துவைத்தார். கத்தரி அந்தக் கைக்கு மேலாக நகர்ந்தது. கை ஒரு விரல் தள்ளி நகரும். கத்தரி பின்னாலேயே போகும்.

“கையை எடுத்துவிடுங்கள் அம்மா. தவறினால் வெட்டிவிடும்.”

“தவறினால் என்னைத்தானே வெட்டும்” என்றார் அம்மை.

பாதியில் அவர் கத்தரியை நாச்சிமுத்துவிடம் கொடுத்தார். நாச்சிமுத்துவின் விரலில் இரண்டு இடத்தில் கீறல் விழுந்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புழுக்களை எடுத்து, வேப்பெண்ணெய் தடவி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

ஆடு எழுந்து நின்றது. உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பியது. பிறகு, தன் எடை தனக்கே பிடிபடாததுபோலத் துள்ளித் துள்ளிச் சரிவில் ஏறி, ஒரு புதரண்டை நின்று மேய ஆரம்பித்தது.

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியதுபோல இருந்தது.

“கத்தரிப்பதுதான் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.”

அம்மை கையில் ஒட்டிய மயிரை ஓடை நீரில் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஆனால் அம்மா, அந்தப் பண்ணையில் மந்தை மந்தையாக ஆடு நிற்கிறது. எல்லாவற்றுக்கும் இப்படிக் கையை அடியில் வைத்துக் கத்தரிக்க முடியுமா?”

“முடியாது.”

“அப்புறம் அவ்வளவு கம்பளிக்கு எங்கே போவது?”

அம்மை சரிவில் மேயும் ஆட்டைப் பார்த்தார்.

“அவ்வளவு குளிர் யாருக்கு ஐயா அடிக்கிறது?”