வெறுப்போடு வந்த சம்மதம்

கேள்வியைக் கடைசியில் கேட்கிறேன். அதுவரை யார் பக்கமும் சாய்ந்துவிடாமல் படித்து வாருங்கள்.

திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனை. அங்கே ஜெசிந்தா என்பவர் மனநல ஆலோசகர். சிறுநீரகம் கொடுக்க முன்வரும் உறவினர்களைத் தனியே உட்காரவைத்துப் பேசுவது அவர் வேலை. 'மனம் ஒப்பியே கொடுக்கிறார்' என்று அவர் கையெழுத்திட்டால்தான் கோப்பு மேலே நகரும்.

ஒரு நாள் பேச்சியம்மாள் வந்தார். வயது நாற்பத்தொன்று. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. நோயாளி அவருடைய அண்ணன் சுடலைமுத்து. இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. அண்ணன் மனைவி செண்பகவடிவின் ரத்த வகை சேரவில்லை. தங்கைக்கு எல்லாமே பொருந்தியிருந்தது.

கதவைச் சாத்தியதுமே பேச்சியம்மாள் சொன்னார்: "எனக்குக் கொடுக்க இஷ்டமில்ல மேடம்."

பத்தொன்பது வயதில் அவர் ஒருவரை விரும்பியிருக்கிறார். அண்ணன் தங்கையைத் தெருவில் நிறுத்தி, ஊரே பார்க்க அடித்து, ஒரே மாதத்தில் வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். அதன்பின் இருபத்திரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

"மதினி வீட்டுக்கு வந்து அழுதாவ. அதான் டெஸ்டுக்கு வந்தேன். முடியாதுன்னு அவியட்ட சொல்ல வாய் வரல."

"நீங்க சொல்ல வேண்டாம்" என்றார் ஜெசிந்தா. "உடம்பு ஒத்துக்காதுன்னு டாக்டர் சொல்லிடுவார். உண்மை இந்த அறையைத் தாண்டாது."

அப்படியே நடந்தது. டாக்டர் சம்சுதீன் குடும்பத்தாரிடம், "இவங்ககிட்ட எடுக்க முடியாது" என்று மட்டும் சொன்னார். செண்பகவடிவு நாத்தனாரின் கையைப் பிடித்தார். "நீ வந்ததே பெருசு" என்றார். உள்ளே கட்டிலில் கிடந்த சுடலைமுத்து, "அவளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து பஸ் ஏத்திவிடு" என்று மனைவியிடம் சொன்னது பேச்சியம்மாளின் காதில் விழுந்தது.

மறுநாள் காலை ஜெசிந்தா வருவதற்கு முன்பே அறை வாசலில் பேச்சியம்மாள் நின்றிருந்தார்.

"குடுக்கேன் மேடம்."

"ஏன்? நேத்து வேண்டாம்னீங்களே?"

"தெரியல. தப்பிச்சோம்னு சந்தோசப்படணும்லா? நேத்து பஸ் ஸ்டாண்டுல நாலு பஸ்ஸ விட்டுட்டு உக்காந்திருந்தேன்."

"அண்ணன் மேல கோபம் போயிடுச்சா?"

"இல்ல. அந்த மூஞ்சியப் பாத்தா இன்னைக்கும் வயிறு எரியுது."

"பாவம்னு தோணுதா? குற்ற உணர்ச்சியா? இல்ல, மதினிக்காகவா?"

"எல்லாந்தான். இதுல எதுவும் இல்லாத மாதிரியும் இருக்கு. கோவம் போனாத்தான் குடுக்கணுமா மேடம்?"

ஜெசிந்தா மூடிவைத்த கோப்பை மறுபடி எடுத்தார்.

மருத்துவமனையில் மறுபடி பார்த்ததில் பொருந்துகிறது என்று வீட்டாருக்குச் சொல்லப்பட்டது. அன்று மாலை சுடலைமுத்து தங்கையைப் பார்க்க வேண்டும் என்றார். ஜெசிந்தா உடன் போனார். சுடலைமுத்து கண்கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டு, "பேச்சி, அன்னைக்கு நான் செஞ்சதுக்கு..." என்று தொடங்கினார்.

பேச்சியம்மாள் சட்டென்று மறித்தார். "இப்ப கேக்காத. இப்ப கேட்டா அது யாவாரம். நான் மன்னிக்கவும் இல்ல, நீ கேக்கவும் வேண்டாம்."

வெளியே வந்ததும் பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா, ஆத்திரப்படுகிறாரா என்று ஜெசிந்தாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜெசிந்தா கோப்போடு டாக்டரிடம் போனார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். வெறுப்பு அப்படியே இருக்கு. நேத்து அண்ணனும் மதினியும் அன்பா நடந்துக்கிட்டது இவங்களைக் குத்துது. குற்ற உணர்ச்சியில வர்ற சம்மதம் நாளைக்கு வருத்தமா மாறும்."

"எந்த மனசும்மா சுத்தமா ஒரே காரணத்துக்காக ஒண்ணைச் செய்யுது?" என்றார் சம்சுதீன். "என்ன நினைக்கிறாங்கன்னு கேக்காதீங்க. முடிவு பண்ணிட்டாங்களான்னு கேளுங்க."

"எனக்கே என் மனசு புரியல, அதுக்காகக் குடுக்கக் கூடாதுன்னா எப்படி?" என்பது பேச்சியம்மாளின் கட்சி.

இப்போது சொல்லுங்கள்: பேச்சியம்மாளின் சம்மதம் உண்மையான சம்மதமா? கையெழுத்துப் போட மறுத்த ஜெசிந்தா, போடச் சொன்ன சம்சுதீன், இருவரில் யார் செய்தது சரி?

விடை: ஜெசிந்தா பயந்ததில் தவறில்லை, ஆனால் அவர் தேடியது கிடைக்கக்கூடிய பொருள் அல்ல. அன்பா, இரக்கமா, உறுத்தலா என்று பிரித்து எடை போட அந்த மனத்துக்குச் சொந்தக்காரராலேயே முடியவில்லை. கட்டாயப்படுத்தப்பட்டவர் என்றால் அவருக்கு வெளியேற வழி இருக்காது. பேச்சியம்மாளுக்கோ வழி திறந்து கிடந்தது. முதல் நாளே மானம் கெடாமல், யாருக்கும் தெரியாமல், நன்றியையும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போனவர் தானாகத் திரும்பி வந்தார். ஆகவே சம்மதம் உண்மையானது. சம்சுதீன் சொன்னதே சரி. ஆனாலும் ஜெசிந்தா பத்து நாள் பொறுத்து, மறுபடி கேட்டு, அதே பதில் வந்த பிறகே கையெழுத்திட்டார். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அண்ணனும் தங்கையும் இன்றும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தவரிடம், "ஏன் கொடுத்தோம்னு இப்பவாவது தெரிஞ்சுதா?" என்று ஜெசிந்தா கேட்டார். "தெரியல மேடம்" என்றார் பேச்சியம்மாள். "தையல் போட்ட எடம் அரிக்குது. அதுக்கு மருந்து எழுதித் தரச் சொல்லுங்க."