தேனில் ஒட்டிய ரோமம்

இரண்டு வருடமாக மழை எட்டிப் பார்க்காத ஒரு காட்டில் செவலை என்றொரு தாய்க்குரங்கு இருந்தது. அதற்கு ஒரே குட்டி, பொடிச்சி. குழந்தைகளே, குரங்குகளின் வழக்கம் ஒன்று உண்டு: தாய் பிள்ளையைப் பிடிப்பதில்லை. பிள்ளைதான் தாயின் வயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் நரி வந்தது.

"தங்கச்சி, உன் மடி வற்றிப்போச்சே! பாசத்தைச் சப்பியா பிள்ளை வளரும்? ஆற்றுக்கு அக்கரையில் அத்தித் தோப்பு இருக்கு. அனுப்பிவை, தின்று கொழுக்கட்டும்."

"என்னை விட்டு இருக்காதே, அண்ணே."

"எல்லாம் பழகிடும்."

மேல்கிளையிலிருந்து கூட்டத்தின் தலைவன் கத்தியது: "அனுப்பித் தொலை! ஒரு வாய் குறையும்."

செவலை குட்டியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் ரோமத்திலிருந்து பிரித்தது. கடைசி விரலைப் பிரிக்கும்போது பொடிச்சி கேட்டது: "அம்மா, நான் சரியாப் பிடிக்கலையா?"

செவலை அந்த விரலையும் பிரித்து, மற்றத் தாய்கள் அனுப்பிய குட்டிகளோடு பொடிச்சியையும் நரியின் பின்னால் அனுப்பிவைத்தது.

ஒரு மாதம் கழித்து நரி ஒரு பெரிய தேனடையோடு வந்தது. "உங்கள் பிள்ளைகள் கொடுத்தனுப்பியது!" என்றது. கூட்டம் அடித்துப் பிடித்துத் தின்றது. செவலைக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அதன் நாக்கில் ஏதோ சிக்கியது. எடுத்துப் பார்த்தால், பிஞ்சு ரோமம். வேரில் தோல் ஒட்டியிருந்தது.

"அண்ணே, அத்தித் தோப்பில் தேன் ஏது?"

நரி காது கேளாததுபோல் நடையைக் கட்டியது.

"தேனில் ரோமம் கிடப்பது புதுசா? வழித்துப் போட்டுவிட்டுத் தின்னு" என்றது தலைவன், விரலை நக்கிக்கொண்டே.

செவலை வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு நரியின் தடம் பிடித்துப் போனது. அக்கரையில் தோப்பே இல்லை. கரடியின் பாறைதான் இருந்தது. கரடியின் கை நுழையாத இடுக்குகளில் குட்டிக் குரங்குகள் நுழைந்து தேனடை பிய்த்துக்கொண்டிருந்தன. தேனீக்கள் மொய்த்துக் கொட்டின. அழுதுகொண்டு வெளியே வந்த குட்டியைக் கரடி அறைந்து மறுபடி உள்ளே தள்ளியது.

கரடி தின்று அயரும்வரை செவலை புதரில் பதுங்கியிருந்தது. பிறகு இடுக்குக்குள் கையை நீட்டியது.

"வாடி பொடிச்சி, அம்மாவைப் பிடிச்சுக்கோ."

"முடியலம்மா."

கொட்டு வாங்கி வீங்கிய விரல்கள் மடங்கவில்லை. செவலை குட்டியை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்து, மூன்று காலில் நொண்டி நொண்டி நடந்தது.

பின்னாலிருந்த இடுக்குகளிலிருந்து குரல்கள் வந்தன: "அத்தை, எங்க அம்மா வரலையா?"

செவலையிடம் இருந்தது ஒரு கைதான்.

நீதி: பசியைக் காட்டிப் பிள்ளையைக் கேட்பவன் பசி தீர்ப்பவன் அல்ல, அவன் கொண்டுவரும் தேனை நக்குகிறவர்கள் எல்லாரும் அவனுக்குக் கூட்டாளிகள்.