நான்காவது பேக்கிங்

சங்ககிரி நெடுஞ்சாலையோரத்து லாரிப் பட்டறை ஒன்றில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு; சீடருக்கு ஐம்பத்தேழு. குருவின் பெயர் வேதநாயகி. இன்ஜின் பழுது பார்ப்பதில் அவருக்கு நிகரானவர் அந்தச் சாலையில் இல்லை. சீடர் அர்த்தநாரி, முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். தம் வண்டியின் நோயைத் தாமே தீர்க்கக் கற்றாக வேண்டும் என்று பிடிவாதமாக வந்து சேர்ந்தவர்.

அன்று பட்டறையில் நின்றது அவருடைய லாரியேதான். இன்ஜினின் மேல்மூடி விளிம்பிலிருந்து எண்ணெய் கசிந்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டுசெல்லும் வண்டி அது. எண்ணெய் சொட்டும் வண்டியை ஆலைக்குள் விடமாட்டார்கள். வாயிற்காவலர் ஏற்கெனவே இருமுறை திருப்பி அனுப்பியிருந்தார். மறுநாள் காலையும் திரும்ப நேர்ந்தால், அந்த ஆலையை அர்த்தநாரி மறந்துவிட வேண்டியதுதான்.

"இன்னைக்கு இது நிக்கோணும் அம்மணி. நானேதான் நிறுத்துவேன். நீங்க கை வெக்காதீங்க."

"வெக்கலைங்கண்ணா," என்றார் வேதநாயகி.

மூடிக்கும் இன்ஜினுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் பட்டையான பேக்கிங்கை அர்த்தநாரி மாற்றினார். இன்ஜினை ஓடவிட்டார். கால்மணி நேரத்தில் விளிம்பில் எண்ணெய் மினுங்கியது.

கழற்றினார். இன்னொரு புதிய பேக்கிங்கை எடுத்து, இருபுறமும் பசையை அப்பினார்.

"எனக்கும் ரெண்டு சொட்டு மிச்சம் வெய்யுங்கண்ணா."

அர்த்தநாரி சிரிக்கவில்லை. அந்தப் பசையையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வந்தது.

மூன்றாவது பேக்கிங்கை வைத்தபோது, ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக்குழாயைச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி போல்ட்டுகளை முறுக்கினார். தகர மூடியின் விளிம்பு போல்ட்டுகளின் அருகே குழிந்தது. இடையிடையே மேடு தட்டியது. எண்ணெய் முன்னிலும் வேகமாக வழிந்தது.

அர்த்தநாரி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு இறுக்கியும் எப்படி அம்மணி வெளியே வருது?"

வேதநாயகி எழுந்து வந்து, இன்ஜினில் எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியைத் திருகி எடுத்தார். அதைக் கவிழ்த்து, துளையின்மேல் சும்மா வைத்தார்.

"ஓட விடுங்க."

இன்ஜின் உறுமியது. மூடி நடுங்கியது, துள்ளியது, எகிறி அர்த்தநாரியின் காலடியில் விழுந்தது. எடுத்து மீண்டும் வைத்தார். மீண்டும் எகிறியது.

"உள்ளேயிருந்து ஆரோ கதவைத் தட்டறாப்பல இருக்குதுங்களே."

"தட்டறது கேக்குதுங்களா? அப்ப எந்தக் கதவைச் சாத்தி வெச்சீங்க?"

அர்த்தநாரி மூடியைக் கீழே வைத்தார். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, வண்டியின் அடியில் குனிந்தார். இன்ஜின் மூச்சு விடுவதற்கென்று பக்கவாட்டில் தொங்கும் ரப்பர் குழாயைப் பிடித்தார். அதன் வாயைச் சுற்றியிருந்த கம்பியை அவிழ்த்தார். உள்ளே திணித்திருந்த பழைய லுங்கித் துணியை உருவி எடுத்தார்.

"மொத தடவை ஆலை கேட்டுல திருப்பி உட்டப்ப, இதுலேருந்துதான் சொட்டுச்சுங்க. அதான் அடைச்சேன்." குரல் தணிந்திருந்தது. "இந்த வித்தையை நம்ம டிரைவருங்க அத்தனை பேருக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அதான் நம்ம பட்டறையில கூட்டம் கொறையறதே இல்லைங்கண்ணா."

வேதநாயகி ஒரு சிறு சுத்தியலையும் தட்டையான இரும்புப் பலகை ஒன்றையும் அவர்முன் வைத்தார். அர்த்தநாரி இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றி, அதன் விளிம்பைத் தட்டித் தட்டிச் சமன் செய்தார். ஒட்டியிருந்த பசையையெல்லாம் சுரண்டி நீக்கினார். நான்காவது பேக்கிங்கைப் பசையின்றிப் பதித்தார். இரும்புக்குழாயைத் தள்ளி வைத்துவிட்டு, நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி, மணிக்கட்டின் வலுவால் மட்டுமே முடுக்கினார்.

ஒரு மணி நேரம் இன்ஜின் ஓடியது. விளிம்பைத் துடைத்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. மூச்சுக்குழாயிலிருந்து மட்டும் மெல்லிய புகையும், எப்போதாவது ஒரு சொட்டும் வந்தன. வேதநாயகி அதன் கீழே வாய் திறந்த தகர டப்பா ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார்.

மறுநாள் நண்பகலில் அர்த்தநாரி வந்தார். கோதுமையை இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்கே வந்திருந்தார். முகத்தில் மலர்ச்சி இல்லை.

"உள்ளே உட்டாங்களா?" என்றார் வேதநாயகி.

"உட்டுட்டாங்க. காவக்காரன் படுத்துக்கூடப் பார்த்தான். தரையில ஒண்ணுமில்லை."

"அப்புறமென்னங்கண்ணா?"

அவர் டப்பாவைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். அடியில் அரைவிரல் உயரத்துக்கு எண்ணெய் நின்றது.

"மேல கசியறது நின்னுருச்சு. இதையும் நிறுத்தாம நான் உடப்போறதில்லை. அந்தக் குழாயில ஒரு சொட்டுகூட வராம இருக்க ஏதாச்சும் வழி இருக்குதுங்களா அம்மணி?"

"இருக்குதுங்கண்ணா."

அர்த்தநாரி ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வேதநாயகி டப்பாவிலிருந்த எண்ணெயைக் கழிவுப் பீப்பாயில் கவிழ்த்தார். வெறும் டப்பாவை அவரிடமே நீட்டினார்.

"சாவியைத் திருப்பி இன்ஜினை அணைச்சே வெச்சிருங்க."