வடிவு சுட்ட இறால்

அலையாத்திக் காட்டு உப்பங்கழியோரத்தில் சூரப்பன் என்ற நீர்நாயும் அவன் மனைவி வடிவும் வாழ்ந்தார்கள். வளைக்குள் மூன்று குட்டிகள். கண் திறந்து நான்கு நாள்தான் ஆகிறது. வடிவு வயிறாரச் சாப்பிட்டால் அவற்றுக்குப் பால் உண்டு. சாப்பிடாவிட்டால் இல்லை.

இது தெரிந்தும் சூரப்பன் என்ன செய்தான்? நரியையும் கொக்கையும் ஆமையையும் மதிய விருந்துக்கு அழைத்துவிட்டான்!

"எங்க வீட்ல தேன் தடவிச் சுட்ட இறால்! வந்து சாப்பிட்டுப் பாருங்க!"

அழைத்தவன் மீசையை நீவிக்கொண்டு விருந்தாளிகளோடு உட்கார்ந்துவிட்டான். விடிந்ததிலிருந்து முங்கி முங்கி இறால் பிடித்தவள் வடிவு. ஓடு உரித்து, ஈர்க்குச்சிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, குச்சிக்கு நாலாகக் குத்தியவளும் அவளே. தேனும் புளியும் மிளகும் கலந்து வைத்தாள். இறால் முக்கால் வேக்காடு வந்த பிறகுதான் அதைத் தடவவேண்டும். முன்னாலேயே தடவினால் தேன் கருகிவிடும். அதனால் தணலை விட்டு அவளால் ஓர் அடிகூட நகர முடியவில்லை.

முதல் குச்சி பளபளவென்று சிவந்தது. நரி அதை வெடுக்கென்று எடுத்துக்கொண்டது.

"சூட்டோட சாப்பிட்டாத்தான் ருசி, தங்கச்சி!"

"அண்ணி, எனக்கு இன்னும் ரெண்டு!" என்றது கொக்கு.

"எனக்கு மிளகு கொஞ்சம் தூக்கலா!" என்றது ஆமை.

"நீயும் வந்து உட்காரேம்மா!" என்று வாய் நிறைய மென்றபடி நரி உபசாரம் செய்தது. யார் வீட்டில் யார் உபசாரம்! சொன்னதே தவிர, ஒரு குச்சியைத் திருப்பிப் போட அது எழுந்ததா? அசையவே இல்லை.

வளைக்குள் குட்டிகள் கத்தத் தொடங்கின. புகையில் வடிவின் கண்கள் எரிந்தன. காலையிலிருந்து அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"என்னங்க, குட்டிங்க கத்துது. கொஞ்சம் இதைப் பாத்துக்கோங்க. நான் ரெண்டு வாய் சாப்பிட்டுப் பால் கொடுத்துட்டு வந்துடறேன்."

சூரப்பன் எழுந்திருக்கவில்லை. விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தான்.

"இவளுக்கா பசி? சமைக்கிறவளுக்கு வாசனையிலேயே வயிறு நிறைஞ்சிடும்!"

மூன்றும் கெக்கெக்கே என்று சிரித்தன.

வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதை சொல்லும் எனக்கே வருகிறது, அவளுக்கு வராதா?

"என்னய்யா சொன்னே?" என்று திரும்பினாள். வெந்திருந்த ஆறு குச்சிகளையும் தணலிலிருந்து உருவினாள். அவர்கள் எதிரிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "வாசனை வயித்தை நிரப்புமா? அப்ப நீங்க நாலு பேரும் நல்லா மோந்து பாத்துக்கோங்க!"

ஒவ்வொன்றாகத் தின்றாள். விரலில் வழிந்த தேனையும் விடவில்லை. கொக்கின் கழுத்து ஏறி ஏறி இறங்கியது. ஆறாவது குச்சியும் முடிந்ததும் வளைக்குள் போனாள். குட்டிகளின் கத்தல் நின்றது.

"போனா போறா! மீதியை நான் சுடறேன். இது என்ன பெரிய வித்தையா?" என்று சூரப்பன் எழுந்தான். பச்சை இறாலின் மேலேயே தேனையெல்லாம் கொட்டித் தணலில் வைத்தான். தீ குபீரென்று எழுந்து அவன் மீசையைப் பொசுக்கியது. இறால் வெளியே கரி, உள்ளே பச்சை.

"த்தூ! விருந்துக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்துறியா, மச்சான்?" என்று துப்பிவிட்டு நரி நடந்தது. கொக்கு சொல்லிக்கொள்ளாமல் பறந்தது. ஆமை ஓட்டமும் நடையுமாகக் கிளம்பியதை அன்றைக்குத்தான் அந்தக் காடு பார்த்தது.

சாயங்காலம் சூரப்பன் வளை வாசலில் வந்து நின்றான்.

"வடிவு, பசிக்குது."

பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"கழி அங்கேயேதான் இருக்கு. போய் முங்கு! பிடிச்சுட்டு வந்து உரி, சுடு! முதல் குச்சி எனக்கு!"

சூரப்பன் தண்ணீரில் இறங்கினான்.

சமைக்கிறவரைப் பட்டினி போட்டுவிட்டு உண்ணும் ஒவ்வொரு வாயும் திருட்டுச் சோறுதான்.